ஹென்ட்ரிக்ஸும் அவர் தட்டுகளின் வயதும்

இசைத்தட்டுக்கும் வயதாகும். 1966 முதல் 1970 வரை லண்டனிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் நியூயார்க்கிலும் பதிவாகி வந்த, சைகடெலிக் ப்ளூஸ் ராக் என்னும் வகைத் தட்டுகள் இதற்கு நல்ல சான்று. எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் கண்ணுக்குக் காட்டிய நிறங்களையும் மயக்கங்களையும் செவிக்குக் கொண்டுவர முயன்ற இசை அது. பின்னோக்கி ஓடும் ஒலிநாடா, இடச்செவியிலிருந்து வலச்செவிக்குப் பாயும் கிதார், நீருக்கடியிலிருந்து வருவது போன்ற குரல் ஆகியன வெளிவந்த நாளில் வியப்பளித்தன. இருபது ஆண்டுகளுக்குள் அவை பழைய திருமண நிழற்படத்தின் உடையலங்காரம் போலாகிவிட்டன. ஆயினும் அவ்வகையின் தலைமகனாகக் கருதப்படும் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் தட்டுகளை இந்தக் கணக்கில் அவ்வளவு எளிதாகச் சேர்த்துவிட முடிவதில்லை. அதற்கான காரணம் அவர் வாழ்க்கையில், அதுவும் புகழ் வருவதற்கு முந்தைய இருண்ட பகுதியில் கிடக்கிறது.

ஹென்ட்ரிக்ஸ் 1942ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரில் பிறந்தார். தந்தை ஆல் அப்போது இராணுவத்தில் இருந்தார். தாய் லூசில் குழந்தைக்கு ஜானி ஆலன் என்று பெயரிட்டார். போர் முடிந்து திரும்பிய தந்தை 1946இல் அதை ஜேம்ஸ் மார்ஷல் என்று மாற்றினார். பெயர்கூட நிலையாக இல்லாத அந்தப் பிள்ளைக்கு வீடும் நிலையாக அமையவில்லை. வறுமை, குடி, பெற்றோரின் மணமுறிவு, உறவினர் வீடுகள் என்று இளமை கழிந்தது. 1958இல் தாய் இறந்தார். மகன்கள் இறுதிச் சடங்குக்கு அழைத்துச் செல்லப்படவில்லை என்று வரலாற்றாசிரியர் எழுதுவர்.

தந்தையுடன் ஒரு வீட்டுக் குப்பையை அகற்றப் போன இடத்தில் ஒரே ஒரு தந்தியுடன் ஓர் உகுலேலே சிறுவனின் கைக்குக் கிடைத்தது. அந்த ஒற்றைத் தந்தியில் வானொலிப் பாட்டுகளைத் தேடிப் பிடித்து வாசித்தான். பிறகு ஐந்து டாலருக்கு ஒரு பழைய கிதார் வந்தது. இடக்கைப் பழக்கமுள்ளவன் ஆகையால் வலக்கைக்காரர்களுக்கென்று செய்த கிதாரைத் தலைகீழாகத் திருப்பித் தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டான். கடைசி நாள் வரை இந்தப் பழக்கம் மாறவில்லை. மட்டி வாட்டர்ஸ், பி.பி. கிங், எல்மோர் ஜேம்ஸ், ஹவுலின் உல்ஃப் ஆகிய ப்ளூஸ் முதல்வர்களின் தட்டுகளே ஆசிரியர்களாயின. இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ அவர் கற்றதில்லை.

ப்ளூஸ் என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்களிடையே பிறந்த பாடல் வடிவம். அதன் இலக்கணம் மிகச் சிறியது. பாடலின் ஓர் அலகு பன்னிரண்டு தாளப் பகுதிகள் கொண்டது. முதலில் ஓர் அடி. அடுத்து அதே அடி திரும்ப வரும். மூன்றாம் அடி அவற்றுக்கு விடை சொல்லும். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் வாத்தியம் பேசுவதற்குச் சற்றே இடம் விடப்படும். சில சுரங்கள் இயல்பான இடத்திலிருந்து சற்றுத் தாழ்த்தியும் வளைத்தும் ஒலிக்கப்பெறும். அவ்வளவுதான். நான்கடிக்குள் அடங்கும் வெண்பாவைப் போல இதுவும் கட்டு மிக்கது, எனவே சொல்பவனின் தனித்தன்மை உடனே வெளிப்பட்டுவிடுவது. கட்டுக்குள் நிற்கத் தெரியாதவன் ப்ளூஸில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

1961இல் ஹென்ட்ரிக்ஸ் இராணுவத்தில் சேர்ந்தார். திருட்டுக் கார்களில் சுற்றிப் பிடிபட்டதன் பின் சிறையா, படையா என்ற நிலையில் எடுத்த முடிவு அது. கென்டக்கியிலுள்ள முகாமில் பாராசூட் வீரராகப் பயிற்சி பெற்றார். அங்கேதான் பேஸ் கிதார் வாசித்த பில்லி காக்ஸின் நட்பு கிடைத்தது. படைத்தொழிலில் மனம் ஒட்டவில்லை. 1962இல் விடுவிக்கப்பட்டதும் தென்மாநிலங்களின் கறுப்பினக் கேளிக்கையரங்குகள் வழியாக அலையத் தொடங்கினார். ஐஸ்லி சகோதரர்கள், லிட்டில் ரிச்சர்ட் முதலானோருக்குப் பின்னால் நின்று வாசித்தார். ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி அசைவு, தலைவரை மிஞ்சினால் அபராதம் என்ற ஒழுங்கு அது. நான்காண்டு நீடித்த இந்தக் கூலி வாழ்க்கையைப் பலர் அவர் கதையில் ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றனர். அது தவறு. பிற்காலத்தில் எவ்வளவு பறந்தாலும் தாளத்திலிருந்து அவர் கால் பிசகாமல் இருந்ததற்கு இந்த ஆண்டுகளே காரணம். 1965 அக்டோபரில், நியூயார்க்கில், எட் சால்பின் என்ற தயாரிப்பாளரிடம் ஒரு டாலர் முன்பணத்துக்கும் ஒரு விழுக்காடு உரிமத்தொகைக்கும் அவர் கையெழுத்திட்டார். அந்த ஒரு டாலர் பின்னால் பெரிய விலை கேட்டது.

1966இல் கிரீனிச் வில்லேஜ் பகுதியின் ஒரு சிற்றரங்கில் அவர் வாசிப்பதை, அனிமல்ஸ் குழுவின் பேஸ் கிதார் கலைஞர் சாஸ் சாண்ட்லர் கேட்டார். செப்டம்பரில் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். நோயல் ரெட்டிங் பேஸ் கிதாருக்கும் மிட்ச் மிட்செல் டிரம்ஸுக்கும் சேர்க்கப்பட்டனர். மிட்செல் ஜாஸ் இசையில் தோய்ந்தவர். ரெட்டிங்கோ கிதார் வாசிக்க வேலை தேடி வந்தவர்; பேஸ் கிதாரை அங்கேதான் கையில் எடுத்தார். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் என்னும் மூவர் குழு இவ்வாறு அமைந்தது. டிசம்பரில் ‘ஹே ஜோ’ வெளிவந்தது. 1967 மார்ச்சில் ‘பர்ப்பிள் ஹேஸ்’. தம் குரலைப் பற்றி ஹென்ட்ரிக்ஸுக்குக் கூச்சம் அதிகம். பாப் டிலன் பாடலாமென்றால் தாமும் பாடலாம் என்று துணிந்தவர் அவர்.

முதல் தட்டான ‘ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்’ 1967 மே மாதம் இங்கிலாந்தில் வெளியாயிற்று. அது உருவான விதம் அறியத்தக்கது. லண்டன் ஒலிப்பதிவுக்கூடங்களில் அன்று இருந்தவை நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட நாடாக்கருவிகள். நான்கும் நிரம்பியதும் அவற்றை இன்னொரு கருவியில் இரண்டு தடங்களாகச் சுருக்கிப் பதிவார்கள்; மிஞ்சும் இரண்டில் மேற்கொண்டு வாசிக்கலாம். சுருக்கியதைப் பிறகு பிரிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு படியிலும் முடிவெடுத்தாக வேண்டும். ஒலிப்பொறியாளர் எடி கிரேமர் இந்தக் கணக்கில் வல்லவர். ரோஜர் மேயர் என்ற மின்னணு வல்லுநர், வாசிக்கும் சுரத்தோடு அதன் மேல்தாயியையும் சேர்த்து ஒலிக்கச் செய்யும் சிறு பெட்டியொன்றைச் செய்து கொடுத்தார். ‘பர்ப்பிள் ஹேஸ்’ தனிவாசிப்பில் வீறிடுவது அதுவே. ஆம்ப்ளிஃபயரை முழு வீச்சில் வைத்து அதன்முன் கிதாரைப் பிடித்தால், ஒலிபெருக்கியின் ஒலி தந்தியை மீண்டும் அதிரவைத்து ஓயாத ஓலமாகும். மற்றவர்கள் இரைச்சல் என்று அஞ்சியதை அவர் ஒரு குரலாக வளர்த்தார். உடல் நிற்கும் இடத்தை மாற்றியே அந்த ஓலத்தின் சுரத்தை மாற்றினார்.

அந்தத் தட்டை இன்று கேட்டால் எது மூத்திருக்கிறது? விண்வெளியிலிருந்து வந்தோர் மெதுவாக்கப்பட்ட நாடாவில் பேசிக்கொள்ளும் ‘தேர்டு ஸ்டோன் ஃப்ரம் தி சன்’ அக்காலத்து அறிவியல் கதைப் புத்தகத்தின் அட்டைப்படமாகச் சுருங்கிவிட்டது. அதன் நடுவே ஓடும் கிதார் மெட்டு மட்டும் தப்பியது. ‘ரெட் ஹவுஸ்’ ஒன்றே எந்த மாற்றமும் இல்லாமல் நிற்கிறது. அது பன்னிரண்டு பகுதிக் கட்டில் அமைந்த நேரான ப்ளூஸ், காதலி வீட்டை விட்டுப் போன கதை, அலங்காரம் எதுவுமில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் தட்டு அமெரிக்காவில் வெளியானபோது, நீக்கப்பட்ட பாடல்களில் அதுவும் ஒன்று. அமெரிக்கர்களுக்கு ப்ளூஸ் பிடிக்காது என்று அவரிடம் சொல்லப்பட்டதாம். ப்ளூஸ் பிறந்த நாட்டில், ப்ளூஸ் கேட்டு வளர்ந்தவரிடம் சொல்லப்பட்டது இது.

இதற்கிடையில் 1967 ஜூன் 18 அன்று, கலிஃபோர்னியாவின் மான்டெரே இசைவிழாவில் அவர் தம் கிதாரை மேடையில் கொளுத்தினார். அந்தப் படம் உலகெங்கும் சென்றது. ஒரு கலைஞனைப் பற்றிய ஒரே ஒரு படம் அவன் இசையைக் காட்டிலும் பெரிதாகிவிடும் தீவினை அன்று தொடங்கியது. பின்னர் ஒவ்வோர் ஊரிலும் கூட்டம் தீயைத்தான் எதிர்பார்த்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் ‘ஆக்ஸிஸ்: போல்ட் ஆஸ் லவ்’ வந்தது. அதன் அட்டை நம்மவருக்குப் பழகிய ஒன்று. நாட்காட்டிகளில் அச்சாகும் திருமாலின் விசுவரூபப் படத்தை எடுத்து, அதில் மூவரின் முகங்களையும் பொருத்தியிருந்தார்கள். ஹென்ட்ரிக்ஸுக்கு அதில் மகிழ்ச்சியில்லை. தம் முன்னோரில் அமெரிக்கப் பழங்குடியினரும் உண்டு என்று நம்பிய அவர், இந்தியர் என்ற சொல்லைக் கேட்டு வேறோர் இந்தியரைப் போட்டுவிட்டதாகக் குறைப்பட்டார். பிறர் வழிபடும் உருவத்தின் மேல் தம் முகத்தை ஒட்டிக்கொள்ளும் அந்தக்காலத்து மனப்போக்கு இன்று கூச்சந்தருவது; அட்டைதான் அந்தத் தட்டில் மிக விரைவில் மூத்தது எனலாம். பறக்கும் தட்டுகளைப் பற்றிய போலி வானொலிப் பேட்டியோடு தொடங்கும் முதற்பகுதியும் அப்படியே. ஆனால் ‘லிட்டில் விங்’ இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஒரு சிறு பாடல். இன்றும் கிதார் பயிலும் மாணவர் அதைக் கற்காமல் இருப்பதில்லை. இந்தத் தட்டின் முதற்பக்க நாடாவை அவர் ஒரு வாடகைக் காரில் தொலைத்துவிட்டார். அப்பக்கத்தை மீண்டும் அவசரமாகக் கலந்து முடித்தார்கள்.

1968 அக்டோபரில் வந்த ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ இரட்டைத்தட்டு. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற அவரது ஒரே தட்டு இதுதான். நியூயார்க்கில் பெரும்பகுதி பதிவாயிற்று. தடங்கள் பெருகின, அதனால் முடிவெடுக்கும் கட்டாயம் குறைந்தது. ஒரே பாடலைத் திரும்பத் திரும்பப் பதிந்தார். கூடத்தில் விருந்தினர் கூட்டம் நிறைந்தது. சாண்ட்லர் பொறுக்க மாட்டாமல் விலகினார். ரெட்டிங் வெளியே போய்விடும் நேரங்களில் ஹென்ட்ரிக்ஸே பேஸ் கிதாரையும் வாசித்தார். டிலனின் ‘ஆல் அலாங் தி வாட்ச்டவர்’ பாடலின் புதிய வடிவம் அப்படிப் பிறந்ததே. இயற்றிய டிலனே பிற்காலத்தில் அதை ஹென்ட்ரிக்ஸின் முறையைத் தழுவிப் பாடத் தொடங்கினார். பாடலைப் பெற்றவன் வளர்த்தவனிடம் தோற்று மகிழ்ந்த அரிய நிகழ்ச்சி அது. அட்டைக்கென்று ஹென்ட்ரிக்ஸ் கேட்டது, நியூயார்க் பூங்காவிலுள்ள சிலையருகே குழந்தைகளோடு தாம் அமர்ந்திருக்கும் படத்தை. இங்கிலாந்து நிறுவனம் ஆடையற்ற பெண்களின் கூட்டத்தை அச்சிட்டது. அவர் அதை வெறுத்தார்.

இந்த இரட்டைத்தட்டில் கடலடிக்குச் சென்று வாழ்வதைப் பற்றிய நெடும்பாடல் ஒன்றின் தலைப்பில் 1983 என்ற ஆண்டு வருகிறது. அந்த ஆண்டும் வந்து போயிற்று. பாடலின் ஒலி வித்தைகளும் அதனோடு போயின என்று சொல்லலாம். நடுவே அலையாடும் கிதாருக்காக இன்னும் கேட்கலாம், பொறுமை இருந்தால். மாறாக, பதினைந்து நிமிடம் ஓடும் ‘வூடூ சைல்’ கேட்கக் கேட்க இளமையாகிறது. ஒரு விடுதியிலிருந்து நள்ளிரவில் கூட்டி வந்த நண்பர்களுடன், ஸ்டீவ் வின்வுட்டின் ஆர்கனோடு, 1968 மே மாதம் பதிந்தது அது. அடித்தளம் மட்டி வாட்டர்ஸின் பழைய பாடல்களிலிருந்து வருவது. பாடுபவன் தன் பிறப்பைப் பெருமை கொள்ளும் பழங்கதை முறையும் அங்கிருந்தே. மலையும் நிலவும் விண்வெளியும் அதில் வருகின்றன. எனினும் கால் மிசிசிப்பிச் சேற்றில்தான் ஊன்றியிருக்கிறது. மறுநாள் ஒரு படப்பிடிப்புக் குழுவின் முன் அதே கருவை வேகப்படுத்தி வாசித்ததே தட்டின் கடைசிப் பாடலாயிற்று.

அதே 1968இல் நடந்த இன்னொன்றை இதனருகே வைத்துப் பார்ப்பது தகும். சிகாகோ நிறுவனம் மட்டி வாட்டர்ஸையே அழைத்து, ஹென்ட்ரிக்ஸைப் போன்ற ஓலமிடும் கிதார்களுக்கு நடுவே நிறுத்தி ‘எலெக்ட்ரிக் மட்’ என்ற தட்டைப் பதிந்தது. ப்ளூஸ் அன்பர்கள் கொதித்தார்கள். மட்டி வாட்டர்ஸும் பின்னர் அதைக் கைவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் ராப் இசைக் கலைஞர்கள் அதைக் கண்டெடுத்துக் கொண்டாடினர் என்பது வேறு கதை. தட்டு மோசமானதல்ல. ஆனால் கிழவர் வாடகை உடையில் நிற்பது கேட்கிறது. ஹென்ட்ரிக்ஸிடம் அந்த உடை தைத்து அணிந்தது. மூத்தவரிடம் வலிந்து போர்த்தப்பட்ட மயக்கம், இளையவரிடம் அந்த மூத்தவரின் பாட்டிலிருந்தே தானாக வளர்ந்தது.

1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை. வுட்ஸ்டாக் விழா முடியும் வேளை. கூட்டத்தில் பெரும்பகுதி ஊர் திரும்பிவிட்டது. சேற்றில் எஞ்சியிருந்தோர் முன்னிலையில் அவர் அமெரிக்க நாட்டுப் பண்ணைக் கிதாரில் வாசித்தார். குண்டு விழுவதும் ஊதல் கூவுவதும் அதனிடையே எழுந்தன. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. வாசித்தவரோ முன்னாள் பாராசூட் வீரர். அதை எதிர்ப்பு என்று ஒரு சாராரும் பற்று என்று மறுசாராரும் கொண்டனர். அவர் இரண்டில் எதையும் உறுதிப்படுத்தவில்லை.

பழைய ஒரு டாலர் ஒப்பந்தம் இப்போது வழக்காக வந்து நின்றது. தீர்வாக ஒரு முழுத்தட்டு கொடுக்க வேண்டியதாயிற்று. இராணுவ நண்பர் பில்லி காக்ஸையும் டிரம்ஸ் கலைஞர் பட்டி மைல்ஸையும் சேர்த்துக்கொண்டு, 1969இன் கடைசி இரவிலும் 1970 புத்தாண்டு நாளிலும் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்தார். ‘பேண்ட் ஆஃப் ஜிப்ஸிஸ்’ என்று அது மார்ச்சில் வெளிவந்தது. கடனுக்காகக் கொடுத்த அந்தத் தட்டில் இருக்கும் ‘மெஷின் கன்’ பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் நீள்வது. நாடா வித்தை ஏதும் அதில் கிடையாது. காலால் மிதிக்கும் சில கருவிகள், மூன்று மனிதர், ஓர் அரங்கு. ஒரே சுரக்கட்டின் மேல் நின்று, கொல்பவனும் கொல்லப்படுபவனும் ஒரே தளையில் கட்டுண்டதை அது பாடுகிறது. நடுவே ஒற்றைச் சுரமொன்றைப் பிடித்து நிறுத்துகிறார். அதில் ஒரு நாட்டின் ஓலம் முழுதும் அடங்கிவிடுகிறது. அவர் வாழ்நாளில் வந்த தட்டுகளுள் வயதின் தடமே படாத பகுதி எதுவென்றால் தயங்காமல் இதைச் சுட்டலாம்.

கிரீனிச் வில்லேஜில் தமக்கென அவர் கட்டிய எலெக்ட்ரிக் லேடி ஒலிப்பதிவுக்கூடம் 1970 ஆகஸ்ட் 26 அன்று திறக்கப்பட்டது. அங்கே அவர் கடைசியாகப் பதிந்தவற்றுள் ஒன்று, பாட்டில்லாத ஒரு மெதுவான ப்ளூஸ். விழா முடிந்ததும் லண்டனுக்கு விமானம் ஏறினார். செப்டம்பர் 6 அன்று ஜெர்மனியின் ஃபேமார்ன் தீவில் மழைக்கும் காற்றுக்கும் நடுவே வாசித்ததே இறுதி நிகழ்ச்சி. செப்டம்பர் 18 அன்று லண்டனில் உறக்க மாத்திரைகளின் மிகுதியால் மயங்கி, மூச்சடைத்து இறந்தார். வயது 27. விசாரணை திட்டவட்டமான முடிவின்றி மூடப்பட்டது. சியாட்டிலுக்கு அருகே ரென்டனில் உடல் அடக்கமாயிற்று.

மேசை நிறைய முடியாத நாடாக்கள் இருந்தன. இரட்டைத்தட்டு ஒன்றுக்கு அவர் திட்டமிட்டிருந்தார். கைப்பட எழுதிய பாடல் பட்டியல்கள் முற்றுப்பெறாதவை. 1971இல் கிரேமரும் மிட்செலும் அவற்றிலிருந்து ‘தி க்ரை ஆஃப் லவ்’ தட்டைத் தொகுத்தனர். உடனிருந்தவர்களின் கை அது. தொட்ட இடங்களிலும் தயக்கம் தெரிகிறது. பின்னர் பொறுப்பு தயாரிப்பாளர் ஆலன் டக்ளஸிடம் சென்றது. 1975இல் வந்த ‘கிராஷ் லேண்டிங்’, ‘மிட்நைட் லைட்னிங்’ ஆகிய தட்டுகளுக்காக அவர் செய்தது, ஏடு பதிப்பித்தவர் அறிந்த ஒரு குற்றம். ஹென்ட்ரிக்ஸின் குரலையும் கிதாரையும் வைத்துக்கொண்டு, உடன் வாசித்த தோழர்களின் பகுதிகளை நீக்கி, ஹென்ட்ரிக்ஸை ஒருநாளும் சந்தித்திராத கூலிக் கலைஞர்களை வாசிக்கச் செய்தார். சில பாடல்களில் இயற்றியவராகத் தம் பெயரையும் சேர்த்துக்கொண்டார். இடைச்செருகல் என்ற சொல் போதாது. மூலத்தை அழித்து எழுதிய உரை அது. காரணம், பழைய வாசிப்பு 1975ஆம் ஆண்டின் செவிக்கு மங்கலாக இருக்கும் என்பதே. முதல் தட்டு அமெரிக்கப் பட்டியலில் முதற்பத்தில் இடம்பெற்றது. ஆனால் இளமையாக்கவென்று பூசிய அந்தச் சாயம்தான் எல்லாவற்றிலும் முன்னே வெளுத்தது. 1967இன் ஒலி 1967ஐக் காட்டுகிறது, அதில் பழுதில்லை. 1970இல் இறந்தவன் 1975இன் கலைஞர்களோடு வாசிக்கும் ஒலி எந்த ஆண்டையும் காட்டவில்லை.

1995இல் வழக்காடி உரிமையைத் தந்தை ஆல் ஹென்ட்ரிக்ஸ் மீட்டார். 1997இல், செருகிய பகுதிகள் இல்லாத மூலநாடாக்களிலிருந்து, ஹென்ட்ரிக்ஸ் எண்ணியிருந்த தலைப்புகளில் ஒன்றைச் சூட்டி, அந்த முடியாத இரட்டைத்தட்டின் தோராய வடிவம் வெளிவந்தது. கிரேமரும் அதில் பங்குகொண்டார். முதல் தட்டான ‘ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்’ 2005இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்ந்தது.

இவற்றுக்கு ஓராண்டு முன், அதே டக்ளஸ், 1994இல் ‘ப்ளூஸ்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். வெட்டி ஒட்டிய இடங்கள் அதில் உண்டு. ஆனால் புதிய வாத்தியம் எதையும் இந்த முறை சேர்க்கவில்லை. தொகுப்பின் முதற்பாடல், 1967 டிசம்பரில் லண்டனில் ஒரு படத்துக்காகப் பதிந்தது. வெள்ளைப் பின்னணியில், உயர்ந்த இருக்கையொன்றில் ஹென்ட்ரிக்ஸ் தனியாக அமர்ந்திருக்கிறார். கையில் மின்சாரமில்லாத பன்னிரண்டு தந்திக் கிதார். தொடங்கியவர் சிறிது வாசித்ததும் நிறுத்திவிடுகிறார்; தமக்கு அச்சமாக இருக்கிறது என்று சொல்லி, மறுபடி தொடங்கலாமா என்று கேட்கிறார். பிறகு ரயிலுக்குக் காத்திருக்கும் ஒருவனின் பாட்டைப் பாடி முடிக்கிறார். தொகுப்பின் கடைசியில் அதே பாட்டு மீண்டும் வருகிறது. இது 1970 மே 30, பெர்க்லி அரங்கு. ஆம்ப்ளிஃபயர்கள் முழு வீச்சில். பன்னிரண்டு நிமிடம். ரயில் இரண்டு முறையும் வந்து சேர்வதில்லை.